வாரத்துக்கு ஒரு வேளாங்கண்ணி

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்குப் பல நாள் முன்பிருந்தே காவி உடுத்தி, வெறுங்காலோடு நாகை வழியாக நடப்பவர்களைப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விறுவிறுவென்று நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். ஜிம்மில் சேர்ந்த அன்றே எல்லோரும் கேட்கும் "வாரத்துக்கு எவ்வளவு பண்ணணும் மாஸ்டர்?" என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தச் சாலையிலேயே இருக்கிறது.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. மூச்சு வாங்க ஓடுகிறவர்களுக்கு அதில் பாதி போதும். குறைந்தபட்சக் கணக்கு, வாரம் ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடப்பதுதான். அதையும் ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். மீதிப் பாதி விடை தசைக்கு. கால், முதுகு, நெஞ்சு, தோள் என்று பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி.

இரண்டே நாளா? புத்தாண்டுச் சபதத்தோடு வந்து தினமும் இரண்டு மணி நேரம் டம்பெல்லைக் கீழே வைக்காத பையன்களுக்கு இது சப்பென்றிருக்கும். அவர்களுக்காகவே செய்ததுபோல் ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பிராட் ஷோன்ஃபெல்ட் குழு 2019-இல் வெளியிட்டது. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 34 ஆண்கள், வாரம் மூன்று நாள், எட்டு வாரம். ஒரு பிரிவினர் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட் செய்தார்கள். 13 நிமிடத்தில் வேலை முடிந்தது. மூன்று செட் செய்தவர்களுக்கு 40 நிமிடமும், ஐந்து செட்காரர்களுக்கு 68 நிமிடமும் பிடித்தது. வலிமை மூன்று பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியது. தசையின் பருமன் மட்டும் செட் கூடக்கூடக் கூடியது.

ஆக, சட்டைக் கை இறுக வேண்டும் என்பவர் ஒரு மணி நேரம் இருக்கட்டும். வலு போதும் என்பவர் கால் மணியில் கிளம்பலாம். ஒரு நிபந்தனை: அந்த 13 நிமிடத்தில் செல்போனுக்கு இடமில்லை. ஒவ்வொரு செட்டும் 'இனி ஒரு தடவைகூட முடியாது' என்கிற வரை போனது.

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச் முறையில் 149 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கித் தங்கம் வென்றார். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ நெல் சிப்பத்தில் கிட்டத்தட்ட நான்கு. அப்படிப்பட்டவரின் அட்டவணையை யூடியூபில் பார்த்து, மூன்று வாரப் பழக்கமுள்ளவர் அப்படியே செய்வது வம்பு. கடுமையாகத் தூக்கிய தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை நெஞ்சு என்றால் செவ்வாய்க்கிழமை கால். எடுத்த எடுப்பிலேயே அளவு மீறி, மறுநாள் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாகையின் கடற்கரைப் புழுக்கத்தில் சட்டை நனைவதை வைத்து உழைப்பை அளப்பதும் வீண். காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை காய்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஜிம்முக்கு உண்மையான எதிரி சோம்பல் இல்லை, பருவம். குறுவை, சம்பா அறுப்பு வந்தால் வயல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை முடிந்தால் கடல். விட்டால் எல்லாம் போய்விடுமே என்ற கவலைக்கும் 2011-இல் ஓர் ஆய்வில் விடை வந்தது. வாரம் மூன்று நாளாக 16 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் சிலரை, அடுத்த 32 வாரம் வாரத்தில் ஒரே நாள், பயிற்சிக்கு ஒரே செட் என்று குறைத்தார்கள். இளைஞர்களின் தசை குறையவில்லை.

அறுபது தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. வலு பெரும்பாலும் நின்றது, தசை மெலிந்தது. சேர்த்த தசையைக் காக்கப் பேரனுக்கு வாரம் ஒரு நாள் போதும்; தாத்தாவுக்கு இரண்டு நாளாவது வேண்டும். நாற்காலியைப் பிடித்துப் போடும் பஸ்கியும் சுவரில் கை வைத்து எடுக்கும் தண்டாலும் அதில் சேரும்.