தழும்பு இருந்தால் போதுமா?

எங்கள் ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேராக ஒரே அறையில் தங்குகிறார்கள். யாராவது விடாமல் இருமினால், "தோளில் பி.ஸி.ஜி. தழும்பு இருக்கே மாமி, டி.பி. எப்படி வரும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

இதற்குச் செங்கல்பட்டு மாவட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1968-ல் தொடங்கி அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.ஸி.ஜி.; சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா?

ஏழரை வருஷக் கணக்கைப் பார்த்தால், நுரையீரல் டி.பி.யை ஊசி தடுக்கவே இல்லை! எதிர்பார்த்தது பொய்த்தாலும் மூடி மறைக்காமல் 1979-ல் உலகறியச் சொன்னார்கள். 15 வருஷம் கவனித்தும் அதே முடிவுதான்.

அதற்காகக் குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே! சிசுக்களின் மூளையைத் தாக்கும் கொடிய டி.பி.யிலிருந்து அது காக்கிறது. பிறந்ததும் போட்டுவிடுங்கள். ஆனால் வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தழும்பை நம்பாமல் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள். காசு கிடையாது.