சீட்டுப் பரப்பும் வித்தை

புதுவையைச் சேர்ந்த காட்டேரிக்குப்பத்தின் பெயரைச் சேர்த்துப் படித்தால் காட்டேரி என்னும் பேய் வந்து பயமுறுத்துகிறது. பிரித்துப் படித்தாலோ, காட்டு ஏரி என்றாகிக் குளிர்கிறது. எழுத்துக்கள் அவையே, படிக்கும் விதந்தான் வேறு. பெயர்க் காரண ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. கைப்பேசி உள்ள இடமெல்லாம் பரவிவரும் டாரட் சீட்டு வித்தையைப் பற்றி எழுதப் புகுந்தபோது, இவ்வூர்ப் பெயரே தக்க முன்னுரையாக நமக்குத் தோன்றியது.

சீட்டெடுத்துக் குறி பார்ப்பது நமக்குப் புதிதன்று. கூண்டைத் திறந்ததும் கிளி தத்தி வந்து ஒரு சீட்டைக் கவ்வும். ஜோசியர் படத்தைக் காட்டிப் பலன் சொல்வார். (1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டிலடைப்பது குற்றம். கிளிக்கு விடுதலை கிடைத்துவிட்டது. குறி கேட்கும் மனிதனுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை!) டாரட்டில் கிளியின் வேலையைக் கேட்பவரே செய்கிறார்.

சீட்டுக்கள் மொத்தம் 78. கோல், கிண்ணம், வாள், காசு என்னும் நான்கு இனங்களில் 56. தனிப் படங்கள் 22. இவை பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் பொழுதுபோக்கு ஆட்டத்திற்காகத் தோன்றியவை. பிரான்ஸில் இன்றும் அவ்வாட்டம் உண்டு. 1781-ம் வருஷத்தில் கூர் த ழெபலன் என்னும் பிரெஞ்சுப் பண்டிதர், இது எகிப்திய ரகசிய ஞானம் என்று எழுதிவைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் படித்தறிந்ததோ 1822-ல்! படிக்கத் தெரியாத எழுத்திலிருந்து ஞானம் பிறந்த அதிசயத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். இப்பொழுது பெரிதும் வழங்கும் படங்கள், வெயிட் என்பவர் சொற்படி பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் சித்திரக்காரி தீட்ட, 1909-ல் லண்டனில் வெளியானவை.

புதிதாகக் கற்பவர்கள் 78 படங்களின் பொருளையும் உருப்போடத் தொடங்கிச் சலித்துவிடுகிறார்கள். முதலில் அறியவேண்டியது பரப்பும் முறையே. ஜாதகத்தில் ஒரே கிரகம் வீட்டுக்கு வீடு வேறு பலன் தருவதாகச் சொல்வதுபோல, இங்கும் சீட்டு விழும் இடமே கேள்வியாகிறது. மூன்று சீட்டை வரிசையாக வைத்தால் சென்றது, நிற்பது, வருவது. வெயிட் பரவச் செய்த 'கெல்டிய' முறையில் பத்து இடங்கள். நடுவில் இன்றைய நிலை, அதன்மேல் குறுக்காகத் தடை, சுற்றிலும் நான்கு. பக்கத்தில் கீழிருந்து மேலாகத் தாம், தம் சூழல், ஆசையும் அச்சமும், முடிவு.

காட்டேரிக்குப்பத்தில் கால் காணி நிலமுள்ள ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனைப் பிரிவுக்கு நிலத்தைக் கேட்டு ஒருவர் வருகிறார். விற்றால் பெண்ணின் கலியாணம் நடக்கும். விற்றபின் நெல்லுக்குக் கடைக்குப் போகவேண்டும். தாயார் சீட்டைப் பரப்புகிறாள். ஒன்பதாம் இடத்தில் எந்தப் படம் வந்தாலென்ன? ஆசையையும் அச்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதுதான் நம்மைக் கவர்கிறது. பணம் வரவேண்டும் என்பது அவள் ஆசை. வந்த பணம் கரைந்துவிடும் என்பது அச்சம். இரண்டையும் அவள் வாய்விட்டுச் சொல்ல, எதிரே அமர்ந்த கணவன் அன்றுதான் கேட்டானென்றால் சீட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. எட்டாம் இடத்திற்கு வரும்போது கலியாணத்துக்குரிய பெண்ணையும் அழைத்து உட்காரவைப்பது நலம். அவளைக் கேட்காமலே பேச்சு நடப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம்!

பத்தாம் இடத்தை மாத்திரம் காலியாக விட்டுவிடும்படி கற்பவர்களுக்குச் சொல்வோம். கலைத்து எடுத்த அட்டைக்கு நாளை நடப்பது தெரியாது. முடிவு கெடுதல் என்று அஞ்சவைத்துப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர் எதிர்ப்பட்டால், அப்பொழுதே எழுந்துவிடவேண்டும். நிலத்தின்மீது முன்கடன் உண்டா என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று தருகிறார்கள். அதை வாங்கிப் படித்தபின் குடும்பத்தார் மறுபடி கூடிப் பேசட்டும்.