துன்பத்தில் பயன்படும் சொல் எது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் அறந்தாங்கி வட்டாரத்திலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்பை இழந்தவரிடம் "எல்லாம் நன்மைக்கே" என்றால், அந்தச் சொல் அவருக்கு என்ன செய்யும்?

ஒரு கருத்தை, வாழ்வில் அது தரும் பலனைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்றார் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ். இதை விளக்கும் அவரது நூல் 1907-இல் வெளிவந்தது. யோபுவின் நண்பர்கள் இச்சோதனையில் தோற்பார்கள். ஏழு நாள் பேசாமல் உடன் அமர்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்!

ஆனால் கடவுள் நமக்குப் பயன்படுவதால் உண்மையாகிறவர் அல்லர். சிலுவை சீடர்களுக்குத் தோல்வியாகத்தானே தெரிந்தது? இங்கே நாம் ஜேம்ஸை விட்டுப் பிரிகிறோம். அவரது கேள்வியை மட்டும் வைத்துக்கொள்வோம். துன்பத்தைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் எழுதிய திருத்தூது மடலும் நல்ல சமாரியர் உவமையில்தான் வந்து நிற்கிறது.