நிலைத்த பொருத்தம்

மருத்துவக் கல்லூரியில் பயின்று தேறியோர், முதிர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் சில காலம் மருத்துவமனையொன்றில் பயிற்சி பெறுதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பயிற்சி இடங்கள் மிகுதி, மாணவர் குறைவு. ஆதலின், நல்ல மாணவரைப் பிறர் கவர்ந்துகொள்ளுமுன் தாமே பெறவேண்டுமென்று மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தின. 1944ஆம் ஆண்டளவில், படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே இடம் உறுதிசெய்யப்படும் நிலை வந்தது. எத்துறை தமக்கு ஏற்றது என்பது மாணவருக்கே விளங்காத பருவம் அது!

பின்னர், குறித்த நாளுக்கு முன் மாணவரைப் பற்றிய செய்திகளை வெளியிடுவதில்லை எனக் கல்லூரிகள் கட்டுப்பாடு செய்தன. முந்துதல் ஒழிந்தது, மற்றொரு தொல்லை முளைத்தது. ஒரு மருத்துவமனை இடம் தர முன்வந்தால், அதனினும் தாம் விரும்பும் மருத்துவமனையின் அழைப்பை எதிர்நோக்கி மாணவர் காலந்தாழ்த்துவர். விடையளிக்க 1945இல் பத்து நாள் தவணை இருந்தது. 1949இலோ பன்னிரண்டு மணி நேரமே மிகை எனக் கருதப்பட்டது. அவசரத்தில் ஒப்பிப் பின் வருந்தியோரும் உளர். சொன்ன சொல்லைக் கைவிட்டோரும் உளர்.

1952இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதுவர். மருத்துவமனைகளும் மாணவரை அங்ஙனமே வரிசைப்படுத்தும். பொது நிலையம் ஒன்று இவ்விருவகைப் பட்டியல்களையும் கொண்டு இடங்களைப் பொருத்தும். இதில் சேர்தல் கட்டாயமன்று. எனினும் பெரும்பாலோர் சேர்ந்தனர். ஏன்?

ஒரு மாணவர் தமக்குக் கிடைத்ததைவிட வேறொரு மருத்துவமனையை விரும்புகிறார் எனக் கொள்வோம். அம்மருத்துவமனையும் தான் பெற்ற மாணவரைவிட இவரையே விரும்புமாயின், நிலையத்தின் முடிவு என்னாகும்? இருதரப்பும் அதனைப் புறக்கணித்துத் தம்முள் உடன்பட்டுவிடும் அன்றோ? அத்தகைய இணை ஒன்றேனும் இல்லாத ஏற்பாட்டையே ‘நிலைத்த பொருத்தம்’ என்பர்.

எத்தகைய பட்டியல்களுக்கும் நிலைத்த பொருத்தம் உண்டு என்பதை 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் கணித அறிஞர் இருவர் மெய்ப்பித்தனர். அவர்தம் முறையை எடுத்துக்காட்டால் அறியலாம். இலக்கண உரைகளில் நாம் பலகாலும் காணும் சாத்தனும் கொற்றனும் பூதனும் இங்கு மாணவராகுக. முல்லை, மருதம், நெய்தல் என மூன்று மருத்துவமனைகள்; ஒவ்வொன்றிலும் ஓரிடம். சாத்தனும் கொற்றனும் முல்லை, மருதம், நெய்தல் என்று எழுதினர். பூதன் மருதம், முல்லை, நெய்தல் என்று எழுதினான். முல்லையின் வரிசை பூதன், கொற்றன், சாத்தன். மருதத்தின் வரிசை சாத்தன், பூதன், கொற்றன். நெய்தல் மூவரையும் ஏற்கும்.

முதற்கண் ஒவ்வொருவரும் தம் முதல் விருப்பத்திற்கு விண்ணப்பிக்கின்றனர். முல்லை, கொற்றனை நிறுத்திவைத்துச் சாத்தனை விலக்குகிறது. மருதம் பூதனை நிறுத்திவைக்கிறது. ‘நிறுத்திவைத்தல்’ என்பதே இம்முறையின் உயிர். எவரும் இன்னும் முடிவாக ஏற்கப்படவில்லை. விலக்குண்ட சாத்தன் மருதத்தை நாடுகிறான். மருதம் அவனைக் கொண்டு பூதனை விடுகிறது. பூதன் முல்லைக்குச் செல்ல, முல்லை அவனைக் கொண்டு கொற்றனை விடுகிறது. கொற்றன் மருதத்திலும் இடம்பெறாது நெய்தலை அடைகிறான். இனி விலக்குண்டவர் இல்லை. நிறுத்திவைத்தோரே ஏற்கப்பட்டோர் ஆகின்றனர். கொற்றனுக்கு மனக்குறை இருக்கலாம். ஆயினும், அவன் விரும்பிய இரு மருத்துவமனைகளும் அவனினும் தாம் விரும்பியோரைப் பெற்றுவிட்டமையின், அவனோடு உடன்பட ஒருவரும் இலர்.

இத்தகைய ஒழுங்கான செயல்வரிசையைக் கணிப்பொறியியலார் ‘அல்காரிதம்’ என்பர், நெறிமுறை எனலாம். இதன் விரைவு வியப்பிற்குரியது. பத்து மாணவரைப் பத்து இடங்களில் அமர்த்த 36,28,800 வகைகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பது வீண் உழைப்பு. ஒருவர் ஒரே இடத்திற்கு இருமுறை விண்ணப்பிப்பதில்லை. ஆகவே இம்முறையில் நூறு விண்ணப்பங்களுக்குள் வேலை முடிந்துவிடும்.

விண்ணப்பிக்கும் தரப்பினர் யாவர் என்பதும் முதன்மையானது. நிலைத்த பொருத்தங்கள் பல இருப்பின், அத்தரப்பினர் அவற்றுள் தமக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடத்தையே அடைவர். மறுதரப்பினருக்கோ மிகத் தாழ்ந்தது வாய்க்கும். மேலும், விண்ணப்பிப்போர் தம் உண்மை விருப்பத்தை மறைத்தெழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்க நிலையத்தின் பழைய முறை, மருத்துவமனைகள் விண்ணப்பிப்பதற்கு ஒப்பானது என்பதை ஆல்வின் ரோத் என்பார் 1984இல் காட்டினார். 1998 முதல், மாணவர் விண்ணப்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2012இல் ரோத்தும் ஷேப்லியும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். கேல் 2008இலேயே மறைந்துவிட்டார்.

மருத்துவரான கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இடம் வேண்டினால் இவ்வெளிமை மறைந்துவிடுகிறது. இருவரும் இணைந்து ஒரு பட்டியல் தருவர். ஒருவர் விலக்கப்படின் மற்றவரும் தம் இடத்தை விட்டு நீங்குவர். அப்பொழுது நிலைத்த பொருத்தமே இல்லாது போகலாம். உண்டா இல்லையா என்று தீர்மானித்தலும் ‘என்.பி. முழுமை’ எனப்படும் கடுங்கணக்குகளின் வகையைச் சார்ந்தது என்பது 1990இல் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வகையைச் சார்ந்த எக்கணக்கிற்கும், எல்லா நிலையிலும் விரைந்து விடைதரும் நெறிமுறையை இதுகாறும் எவரும் கண்டிலர். ஒன்றற்குக் காணின் அனைத்திற்கும் கண்டதாகும்.

எனினும் தம்பதியரைக் கைவிடல் ஆகுமா? ரோத்தும் எலியட் பெரான்சனும் அமைத்த 1998ஆம் ஆண்டு நெறிமுறை அவர்களையும் ஏற்றுக்கொள்கிறது. பொருத்தம் கிட்டும் என்னும் உறுதி கோட்பாட்டில் இல்லை. நடைமுறையிலோ கிட்டி வந்துள்ளது. பல்லாயிரம் மாணவருள் தம்பதியர் சிறு பகுதியினரே ஆதலும், இடங்கள் மிகப் பல ஆதலும் இதற்குக் காரணம் என்பர் ஆராய்ச்சியாளர்.