மூளை நீர்க்கட்டியும் தலைவலியும்

கட்டி என்னும் சொல் தமிழில் இறுகிய பொருளைக் குறிப்பது. வெல்லக்கட்டி, பனிக்கட்டி, மண்ணாங்கட்டி எல்லாம் அவ்வாறு வந்தவையே. உடம்பில் எழும் சீழ்க்கட்டிக்கும் அப்பெயர். உயிரைக் குடிக்கும் புற்றுக்கட்டிக்கும் அப்பெயர். ஆதலால், 'மூளையில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது' என்று மருத்துவர் கூறுங்கால், கேட்பவர் செவியில் 'நீர்' விழுவதில்லை. 'கட்டி' ஒன்றே விழுகிறது. அன்றிரவே தலை வலிக்கத் தொடங்கிவிடுகிறது. முன்பு எப்போதோ வந்து போன வலியும் இப்பொழுது வேறு முகம் காட்டுகிறது. இவ்வச்சத்தில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஈண்டுக் காண்போம்.

மேனாட்டார் இதற்கு வழங்கும் பெயரின் கிரேக்க மூலத்துக்குப் 'பை' என்பதே பொருள். 'நீர்ப்பை' என்று நாமும் சொல்லியிருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூளையை மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. புற உறையையும் அக உறையையும் 'தாய்' என்னும் பெயரால் வழங்குவது மருத்துவ மரபு. அரபு மருத்துவர் இட்ட அப்பெயர் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவிற்று. நடுவிலுள்ள உறை சிலந்தி வலை போன்ற மெல்லிய சவ்வு; அதன் பெயரும் சிலந்தியைக் கொண்டே அமைந்தது. இவ்வுறைகளினிடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் நீரே இருப்பினும், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரந்து, மீண்டும் குருதியில் கலந்துவிடுகிறது. தாயின் கருவில் குழந்தை உருப்பெறும்போது சிலந்திச் சவ்வு சில வேளை இரண்டாகப் பிளவுபட, அப்பிளவில் இந்நீர் தேங்கிப் பையாகிறது. மூளையில் காணப்படும் நீர்க்கட்டிகளுள் மிகுதியானவற்றில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் நெற்றிப்பொட்டின் உட்புறத்தில், வலத்தினும் இடப்பக்கத்தே மிகுதியாகக் காணப்படும். இதனை 1831ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு பிரைட் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதி வைத்தார்.

அக்காலத்தில் இது இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. 1971இல் இலண்டனில் முதல் சி.டி. படம் எடுக்கப்பட்டது, பின்னர் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமும் வந்தது. வேறு ஏதோ காரணத்துக்காகப் படம் எடுத்துக்கொண்ட வளர்ந்தோரை எண்ணிப் பார்த்ததில், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தலையில் இப்பை இருக்கக் கண்டனர். அவருள் மிகப் பலருக்கு அதனால் எவ்விதத் தொல்லையும் இல்லை. கட்டி பழையது; படந்தான் புதியது.

'தலை வலித்தது, படம் எடுத்தோம், கட்டி தெரிந்தது, ஆகவே கட்டியே காரணம்' என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். மூளைத் திசுவுக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. புற உறையும் குருதிக் குழாய்களுமே வலியை உணர்வன. பிறவியிலேயே அமைந்த பைக்கு மூளை இடம் கொடுத்துப் பழகியிருக்கும். ஒற்றைத் தலைவலி, கழுத்துத் தசை இறுக்கம், உறக்கமின்மை, கவலை ஆகியவை இப்பையைவிட மிகப் பொதுவான காரணங்கள். மற்றொன்றையும் மறத்தலாகாது: மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை விழுங்கி, அவ்வாறே மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

எனினும், 'ஒன்றுமில்லை' என்று தட்டிக் கழிப்பதும் தவறே. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே ஒன்று பெருத்தால் மற்றொன்று நெருக்குண்ணும். மூளையின் நடுவறையில் நீர் இறங்கும் வாயிலருகே தோன்றும் கூழ்க்கட்டி என்பது வேறொரு வகை. அது சிறிதாயினும் அவ்வாயிலைத் திடுமென அடைத்துவிடக் கூடும். சிலந்திச் சவ்வுப் பை உள்ளவர்க்குத் தலையில் அடிபட்டால், சிறு குழாய்கள் கிழிந்து குருதி கசிவதும் சிற்சில வேளை நிகழும். அது அடிபட்ட பல நாட்கள் கழித்தும் தெரியவரலாம். ஆகவே, புதிய வலி எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். விடியலில் வலியோடு விழித்து வாந்தி எடுத்தல், படுத்தாலோ இருமினாலோ வலி மிகுதல், நாளுக்கு நாள் வலி ஏறிவருதல் ஆகியவை இருப்பின் நாள் கடத்தலாகாது. இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் உச்சத்தை எட்டும் வலி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, எழுப்பினும் எழாத மயக்கம் இவற்றுள் ஒன்று நேரின், சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அப்பொழுதே அழைக்க வேண்டும்.

மருத்துவர் முதலில் கண்ணுக்குள் ஒளி செலுத்திப் பார்ப்பார். 1851இல் எல்ம்ஓல்ட்ஸ் அமைத்த கருவியின் வழிவந்தது அது. மண்டைக்குள் அழுத்தம் மிகின், பார்வை நரம்பின் முனை வீங்கித் தோன்றும். தேவையாயின் புதுப் படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவார். பை பெருத்தோ நீரோட்டத்தைத் தடுத்தோ இருந்தால், துளையிட்டு நீரை வடிக்கும் அறுவை உண்டு. அளவு மாறாதிருப்பின் பையை அப்படியே விட்டு, வலிக்கு வேறு காரணம் தேடுவர். வலி ஒன்றையே நம்பி அறுவை செய்தால் அவ்வலி தீரும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் முதலில் எடுத்த படத்தை எறிந்துவிடாமல், வலி வந்த நாள், நேரம், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்த ஏட்டோடு அதனையும் எடுத்துச் செல்வது நன்று.