கறிமிளகாய்க்குள் மீன்: இத்தாலிய உணவொன்றின் மட்டக்களப்பு உறவு

இத்தாலியில் 'பெப்பெரோனி ரிப்பியேனி' என்றொரு வீட்டுச் சமையல் உண்டு. குடைமிளகாயின் உள்ளே அரைத்த இறைச்சி, பாண் தூள், முட்டை, சீஸ் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, அவணில் வேகவைப்பார்கள். பெயர்தான் புதிது. கறிமிளகாயைக் கீறி, மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்த பிரட்டலை உள்ளே வைத்துப் பொரிப்பது இலங்கையில் பழகிய சமையலே.

இரண்டு காய்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்துக்குப் பின்னரே அவை ஐரோப்பாவை அடைந்தன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் மிளகாயைத் தெற்காசியாவுக்குக் கொண்டுவந்தனர். அதுவரை நமது கறிகளுக்கு உறைப்பைத் தந்தது மிளகுதான்.

இக்காயின் பெருமை விற்றமின் சி. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சுமார் 80 மில்லிகிராம் உண்டு. கறிமிளகாயிலும் ஏறத்தாழ அதே அளவுதான். வளர்ந்த ஒருவரின் ஒருநாள் தேவை 75 முதல் 90 மில்லிகிராம். பழுத்துச் சிவந்த குடைமிளகாயில் இது இன்னும் அதிகம். ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி விற்றமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுத்ததும் மிளகாயிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பருப்பு, கீரைகளிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது. அதே வேளை உணவில் விற்றமின் சி இருந்தால் உறிஞ்சுதல் கூடும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறையும். ஒரு மணித்தியாலம் பொறுப்பது நல்லது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குருக்கள்மடம் போன்ற ஊர்களில் இந்த உணவுக்கு இறைச்சியோ சீஸோ தேவையில்லை. மீனும் றாலுமே தரமான புரதம் தரும்.

சிக்கல் சமைக்கும் முறையில் இருக்கிறது. மாவில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டால் காய் உணவு எண்ணெய்ப் பலகாரமாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் சுமார் 120 கலோரி உண்டு. நீண்டநேர வெப்பம் விற்றமின் சியையும் அழிக்கும். நீரிழிவு, கொலஸ்ட்ரோல் உள்ள வீடுகளில் இதை அடிக்கடி செய்ய முடியாது.

மாற்று வழி எளிது. மீனை முதலில் அவித்து, முள் நீக்கி, வெங்காயம், மிளகு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசையுங்கள். உருளைக்கிழங்கைக் குறையுங்கள். காயின் உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வை எடுத்துவிட்டால் உறைப்பு தணியும், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். நிரப்பிய காய்களைச் சிறிதளவு எண்ணெய் தடவிய தாச்சியில் வைத்து, மூடி, மெல்லிய நெருப்பில் சில நிமிடங்கள் திருப்பித் திருப்பி வாட்டினால் போதும். உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்தது என்பதால் காய் குழையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.