‘அப்பா எப்படி இருக்காரு?’ன்னு கேட்டீங்க சரி... அம்மாவைப் பத்தி கேட்டீங்களா?

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறும்போது இரவு மணி பத்தைத் தாண்டியிருக்கும். பல தொழிற்சாலைகளில் ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் வீட்டிலிருந்து வந்த மிஸ்டு காலை அப்போதுதான் பார்க்க முடியும். பதறிப்போய்த் திருப்பி அழைத்தால் முதல் கேள்வி, “அப்பா எப்படி இருக்காரு? மாத்திரை போட்டாரா?” என்பதுதான். “போட்டாச்சு, தூங்கிட்டாரு” என்று பதில் வரும். போனை வைத்துவிடுவோம்.

இந்தப் பேச்சில் ஒருவரைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை. பதில் சொன்ன அம்மா!

நோயாளியைப் பற்றி எல்லோரும் கேட்கிறோம். அவரைப் பார்த்துக்கொள்பவரின் மன அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? என்ன செய்யலாம்?

பார்த்துக்கொள்பவருக்கும் வயசாயிடுச்சு

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் இந்தத் தொழில் பகுதிக்குப் பல மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கே தங்குபவர்களின் அப்பா, அம்மா இருப்பது வேறு ஊரில். பக்கத்துக் கிராமத்திலேயே வீடு இருப்பவர்களுக்கும் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தால், வீட்டில் இருக்கும் நேரம் தூங்கவே போய்விடும்.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. 2021 மதிப்பீட்டின்படி மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் ஷிஃப்ட்டில் இருக்க, பக்கவாதம் வந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது பல வீடுகளில் 60 வயது அம்மா. மறதி நோய் வந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டுவது 70 வயது அப்பா.

அதனால் என்ன ஆபத்து?

அமெரிக்காவில் 66 முதல் 96 வயது வரை உள்ள தம்பதிகளை நான்கு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. துணையைப் பார்த்துக்கொள்வதால் தங்களுக்கு அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்கள், அப்படிப்பட்ட பொறுப்பே இல்லாதவர்களைவிட இறக்கும் ஆபத்து 63 சதவீதம் அதிகமாக இருந்தது. துணையைப் பார்த்துக்கொண்டாலும் அழுத்தம் இல்லை என்றவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை.

அதாவது, பிரச்னை பராமரிப்பது மட்டுமல்ல. ஓய்வும் உதவியும் இல்லாமல் பராமரிப்பதுதான். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பவருக்குத் தூக்கம் கெடுகிறது. அப்பாவின் மாத்திரையை மணி பார்த்துக் கொடுப்பவர், தன்னுடைய பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறார். தன் செக்கப்பை ‘அடுத்த மாசம்’ என்று தள்ளிப்போடுகிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் வீட்டுப் பெரியவர்கள் ‘எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்று சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் அது வெளியே வரும். கவனிக்க வேண்டியவை:

• “தலை பாரமா இருக்கு”, “உடம்பெல்லாம் வலிக்குது” என்று அடிக்கடி சொல்வது
• பசியின்மை, எடை குறைவது, சரியாகத் தூங்காதது
• சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், காரணமில்லாத அழுகை
• கோயில், பக்கத்து வீடு, டிவி சீரியல் என்று பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவது
• ‘நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’ என்ற பேச்சு. இது நோயாளியிடமிருந்தும் வரலாம்

இதெல்லாம் ‘வயசானா அப்படித்தான்’ என்று விடக்கூடியவை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே நாளில் திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, உளறுவது மட்டும் வேறு கதை. கிருமித் தொற்று, உப்புச்சத்து குறைவு, புது மாத்திரை என உடல்ரீதியான காரணம் இருக்கலாம். வாய் கோணல், கை கால் பலவீனம் என்றால் பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வியை மாத்துங்க

“நீ எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்”தான் பதில். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தே?”
“மதியம் என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்கு?”
“உன் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?”
“கடைசியா எப்போ வெளிய போனே?”

இந்த நாலு பதிலிலேயே நிலைமை புரிந்துவிடும்.

ஷிஃப்ட்டில் இருந்தபடியே என்ன செய்யலாம்?

1. ஷிஃப்ட் அட்டவணையை வீட்டு காலண்டரில் குறித்துவையுங்கள். எந்த நேரம் போன் எடுப்பீர்கள் என்று தெரிந்தாலே பாதி பதற்றம் குறையும். நீங்கள் எடுக்க முடியாத நேரத்துக்கு, பக்கத்து வீட்டில் ஒருவர் நம்பரைக் கொடுத்துவையுங்கள்.

2. அண்ணன், தங்கச்சியோடு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணம் அனுப்பினால், இன்னொருவர் வாரம் அரை நாளாவது நேரில் இருக்கட்டும். அந்த அரை நாள் அம்மாவுக்கு லீவு. அன்றைக்குச் சமையலும் அவர் செய்யக் கூடாது!

3. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெற்றோர் இருவரையும் சேர்க்க முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள், பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வருகின்றன.

4. இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படுகிறதா? உங்கள் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோரையும் அதில் சேர்க்க முடியும். கம்பெனி எச்ஆரிடம் விசாரியுங்கள்.

5. முதியோருக்கான சிறப்புச் சிகிச்சைக்குக் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

உங்களையும் பாருங்க

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் நீங்கள் என்றால், மேலே உள்ள அறிகுறிகள் உங்களுக்கும் பொருந்தும். பெற்றோர் மேல் கத்திவிட்டு பஸ்ஸில் அழுதிருக்கிறீர்களா? நீங்கள் கெட்ட பிள்ளை என்று அர்த்தமில்லை. உடம்பும் மனசும் களைத்துப்போயிருக்கிறது. தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நைட் ஷிஃப்ட் பிரேக்கில் கூட அழைக்கலாம். பெரியவர்களுக்கான எல்டர்லைன் எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. ‘இருந்து என்ன பண்றது’ என்று வீட்டில் யார் சொன்னாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே பேசுங்கள்.

இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு போன் பண்ணுவீர்கள்தானே? அப்பாவைப் பற்றிக் கேட்டபின் உடனே வைத்துவிடாதீர்கள். “சரிம்மா, நேத்து ராத்திரி நீ தூங்குனியா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை லைனில் இருங்கள்.